குறி தவறாத துப்பாக்கி

பபேடான் பேட்டையில் பம்ப் அடுப்பு பழுதுபார்த்தே வயிறு கழுவினவள் நான். மண்ணெண்ணெய் அடுப்பு என்றால் சத்தத்தை வைத்தே கோளாறைச் சொல்லிவிடுவேன். துப்பாக்கி என்று தொட்டது ஒன்றே ஒன்றுதான். அதிலேயே போதும் போதும் என்றாகிவிட்டது.

தொண்ணூறுகளில் ஷ்வேப்யிதாவில் தம்பி வேலை பார்த்த தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். ஒரு பழைய காற்றுத் துப்பாக்கியை வாங்கி, க்யிம்யிண்டைங் பகோடா திருவிழாவில் டப்பா சுடும் கடை போட்டான். அவன் வீட்டில் உலை கொதிக்க வேறு வழி கிடையாது.

அங்கே ஒரு வழக்கம். முதல் குண்டைப் பேட்டைத் தலைவர்தான் சுட வேண்டும். முந்தின வருஷம் அவருக்குக் குறி தப்பிவிட்டது. மறுநாளே கடையைச் சாக்கடை ஓரத்துக்குத் தள்ளிவிட்டார்கள். பாதுகாப்புக் காரணமாம். யாருடைய பாதுகாப்பு என்று கேட்க எங்களுக்கென்ன பைத்தியமா?

அடுத்த வருஷம் துப்பாக்கியின் குழாய் முனை துருப்பிடித்திருந்தது. தம்பி, மகா புத்திசாலி, ரம்பத்தால் ஒரு சாண் அறுத்தெறிந்துவிட்டான். அதற்கப்புறம் துப்பாக்கி தோளை உதைத்தது. குண்டு தனக்குப் பிடித்த இடத்துக்குப் போனது. "இதுவும் உன் அடுப்பு பம்ப் மாதிரிதான்க்கா, கொஞ்சம் பாரேன்" என்று என் கடையில் கொண்டுவந்து போட்டான்.

பிரித்தேன். உள்ளே ஒரு ஸ்பிரிங், ஒரு பிஸ்டன், காய்ந்துபோன தோல் வாஷர். நம்ம பம்ப்பேதான். வாஷரை எண்ணெயில் ஊறப்போட்டேன். பிஸ்டன் போய் மோதுகிற இடத்தில் ரப்பர் செருப்பை வெட்டி மெத்தை வைத்தேன். தடிமனாக வைத்தால் குண்டு சோம்பியது, மெல்லிசாக வைத்தால் துப்பாக்கி உதைத்தது. அடுப்பு கொண்டுவந்தவர்களையெல்லாம் நாளைக்கு வா, நாளைக்கு வா என்று விரட்டிவிட்டு மூன்று நாள் அதோடு மல்லுக்கட்டினேன். கடைசியில், குறிக்கு வைத்த தீப்பெட்டியெல்லாம் ஒன்று விடாமல் விழுந்தது. சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

திருவிழா அன்று தலைவர் வந்தார். ஒரு கண்ணை மூடினார். சரியான கண்ணைத்தான் மூடினாரா என்பது சந்தேகம். சுட்டார். டப்பா விழுந்தது. ஒரே கைதட்டல். இன்னொன்று சுட்டார், அதுவும் விழுந்தது. ஐந்தாவதும் விழுந்தபோது அவர் முகம் மாறிவிட்டது. துப்பாக்கியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இவ்வளவு சரியாகச் சுடுகிற துப்பாக்கி பொதுமக்கள் கையில் இருக்கலாமா?" என்றார். துப்பாக்கியை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.

தம்பி என்னைத் திட்டவில்லை. காலி மேஜைக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு, "ஏன்க்கா இவ்வளவு நல்லா செஞ்சே?" என்றான். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

மறுநாள் நல்ல லுங்கியாகக் கட்டிக்கொண்டு தலைவரின் அலுவலகத்துக்குப் போனேன். பெரியவர்களைக் கூப்பிடுகிறபடி "சயாஜீ" என்று குனிந்து மரியாதையாகத்தான் ஆரம்பித்தேன். "அது ஓட்டைத் துப்பாக்கி. அடுப்புக்காரி நான் பிய்ந்த செருப்பை வெட்டிப் போட்டு ஒப்பேற்றினது. நேற்று டப்பா விழுந்ததெல்லாம் உங்கள் கைத்திறமை. வேறு யார் சுட்டாலும் சுவரில்தான் படும்."

'நீயே சுட்டுக் காட்டு' என்பார் என்று நினைத்தேன். வேண்டுமென்றே தப்பாகச் சுட மனசைத் தயார் பண்ணிக்கொண்டும் போயிருந்தேன். அவர் சுடச் சொல்லவேயில்லை. என்னை மேலும் கீழும் பார்த்தார். விரல்களில் இருந்த கரியைப் பார்த்தார். "அதானே பார்த்தேன்" என்று சிரித்துவிட்டு, துப்பாக்கியைக் கொடுத்தனுப்பினார். என் வேலை குப்பை என்பதை ஒரு மனுஷன் அவ்வளவு சீக்கிரம் நம்பியது எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

துப்பாக்கியைக் கையில் வாங்கியதும் தம்பிக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனால் கடைக்குக் கொண்டுபோகவில்லை. மறுபடி என் முன்னாலேயே வைத்தான்.

"பழையபடி குறி தப்புற மாதிரி ஆக்கிக் கொடுத்துடுக்கா. சாக்கடை ஓரமே போதும்."

ஆக்கிக் கொடுத்தேன். பத்து நிமிஷம்கூட ஆகவில்லை.