குரும்பகரம் சாலையில் தினமும் நின்ற சைக்கிள்

சில ஆண்டுகளுக்கு முன், காரைக்காலில் நடந்தது. ஆசிரியர் பணியிலிருந்து ஓய்வு பெற்ற நான், ஒரு தொண்டு அமைப்புக்காகக் குரும்பகரத்தில் மாலை வகுப்பு எடுத்துவந்தேன். அந்த ஆடி மாதம் பிரான்சிலிருந்து ஓர் இளம்பெண் தன்னார்வலராக வந்து என்னோடு சேர்ந்தாள். அங்கே குடியேறிவிட்ட காரைக்கால் குடும்பத்துப் பெண். நம் ஊர்த் தமிழ் நன்றாகவே வரும்.

முதல் நாளே, "ஆட்டோவுல போவமா சார்?" என்று கேட்டாள். எனக்குச் சுருக்கென்றது.

"ஏம்மா? எனக்கு அறுபத்தெட்டுதான் ஆவுது" என்று சொல்லிவிட்டு, சைக்கிளை எடுத்து முன்னால் மிதித்தேன். அவளும் ஒரு சைக்கிளில் பின்னால் வந்தாள்.

எதிரே மேலக்காற்று அடிக்கும். பாதி வழியில் தினமும், "ஒரு நிமிசம் சார், போட்டோ எடுத்துக்கறேன்" என்று நிறுத்திவிடுவாள். ஒருநாள் கொக்கு, ஒருநாள் ஆடு, எதுவும் அகப்படாத நாளில் வெறும் வாய்க்கால்.

"ஏன், ஒங்க பாரீசுல ஆடே கெடையாதா?" என்று கேலி செய்வேன். சிரிப்பாள். ஈர வயல் வாசத்தில் நின்றபடி நான் பழைய பள்ளிக்கூடக் கதைகளைச் சொல்வேன். மேலும் மேலும் கேட்பாள். அப்படியொரு பேச்சுத்துணை எனக்கு அதற்குப் பிறகு வாய்க்கவில்லை.

ஆனால் வகுப்பு தாமதமாகியது. பெற்றோர் முணுமுணுத்ததும், அவள் எதிரிலேயே ஒருங்கிணைப்பாளரிடம் சொன்னேன்: "இந்தப் பொண்ணு ஊரு சுத்திப் பாக்க வந்துருக்கு மேடம். பொறுப்பு பத்தாது."

"தப்புதான் மேடம்" என்றாள், தலையைக் குனிந்துகொண்டு. அவளைப் பூவம் கிராமத்து வகுப்புக்கு மாற்றிவிட்டார்கள்.

மறுநாள் தனியாகப் போனேன். வழக்கமாக அவள் நிறுத்தும் இடத்துக்கு வருவதற்குள் மூச்சு முட்டியது, கால்கள் நடுங்கின. மதகுக் கட்டையில் உட்கார்ந்துவிட்டேன். பின்னால் வந்தவளுக்கு என் மூச்சிரைப்பு தினமும் கேட்டிருக்கிறது என்று அப்போதுதான் புரிந்தது.

ஒருங்கிணைப்பாளரிடம் உண்மையைச் சொல்லிவிட்டு, பஸ் பிடித்துப் பூவம் போனேன். பிள்ளைகள் சூழ நின்றவளிடம், "எனக்காகத்தானம்மா நிறுத்துன?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் இல்ல சார். நீங்க மிதிக்கிற வேகத்துக்கு என்னாலதான் ஈடு குடுக்க முடியல" என்றாள். பிள்ளைகள் என்னை வியப்போடு பார்த்தார்கள்.

மாதக் கடைசியில் அவள் ஊர் திரும்பிவிட்டாள். என் முதுமையை நானே அறியாதபடி காப்பாற்ற அவள் வாங்கிக்கொண்ட கெட்ட பெயரை நான் நீக்கிவிட்டேன். ஆனால் அன்று அவள் தலைகுனிந்து நின்ற நிலை மட்டும் இன்னும் என்னைவிட்டு நீங்கவில்லை.