நீலக்கல்லுக்குப் பக்கத்தில் நிற்பவன்

பழனியைப் போல மெதுவாக டைல்ஸ் பதிக்கிறவரை இந்த மைசூரில் நான் பார்த்ததில்லை. ஒவ்வொரு கல்லையும் வைத்துவிட்டு விரல் முட்டியால் தட்டிக் காதைச் சாய்ப்பார். அடியில் சிமெண்ட் சேராமல் வெற்றுச் சத்தம் வந்தால் பெயர்த்தெடுத்து மறுபடி பதிப்பார். என் வீட்டுக் குளியலறை ஒன்றுக்கே இரண்டு வாரம். எரிச்சலாக வரும். ஆனால் வேலை சுத்தம்.

மதியம் சாப்பிட்டதும் காம்பவுண்டு சுவரில் சாய்ந்து உட்கார்ந்து செல்போனில் விளையாடுவார். சண்டை, துப்பாக்கி எதுவும் இல்லாத விளையாட்டு. ஒரு மலைக்கிராமம், பலர் சேர்ந்து பயிர் வைக்கலாம், மீன் பிடிக்கலாம், பாறை உடைக்கலாம்.

“நாள் பூரா கல்லு, சாப்பிட்டப்புறமும் கல்லா?” என்று கிண்டல் செய்தேன்.

அவர் சிரிக்கவில்லை. அதில் நீலக்கல் என்றொரு தாது உண்டாம். மாதக்கணக்கில் அலைந்தாலும் கண்ணில் படாது. கண்டவன் தனியாக உடைக்கக் கூடாது. மத்தாப்பு கொளுத்திவிட்டுக் கூட்டாளிக்காகக் காத்து நிற்க வேண்டும். சேர்ந்து அடித்தால் இருவருக்கும் கிடைக்கும். ஆடுகிறவர்கள் தங்களுக்குள் வைத்துக்கொண்ட மரியாதை அது.

போன சித்திரையில் அவருடைய வேலைக் கூட்டாளி சந்தோஷ்குமாருக்கு அது கிடைத்தது. பழனி அப்போது தேவராஜ மொஹல்லாவில் ஒயிட் சிமெண்ட் வாங்கிக்கொண்டிருந்தார். “நான் வர்ற வரைக்கும் அங்கயே நில்லு” என்று எழுதி அனுப்பினார். சந்தோஷ்குமார் பாதி கட்டிய சுவர் நிழலில் போனைப் பார்த்தபடி நின்றான். சுவர் சரிந்து அவன் மேல் விழுந்தது.

அவன் சொந்த ஊரான ராமாபுரத்தில் அடக்கம். செத்தவருக்குப் பிடித்த பொருளைக் குழிக்குள் வைப்பது அவர்கள் வழக்கம். அந்தப் போனை அவன் கையருகே வைத்தது பழனிதான்.

“புதைச்ச நாள்லேருந்து பதினோரு நாளா ஆட்டத்துல அவன் பேர்ல பச்சை விளக்கு எரியுதுங்க சார். கல்லுப் பக்கத்துலயே நிக்கறானுங்க.”

“சும்மா பயப்படாதீங்க. கம்பெனிக்காரன் சர்வர்ல ஏதோ கோளாறு.”

அவர் போனை நீட்டினார். குகைக்குள் சிவப்புத் துண்டு கட்டிய சந்தோஷ்குமாரின் பொம்மை. பக்கத்தில் மத்தாப்பு எரிந்தது. பொம்மை நீலக்கல்லை விரல் முட்டியால் தட்டிக் காதைச் சாய்த்தது.

“இப்படித் தட்ட அவனுக்கு நாந்தான் சொல்லிக் குடுத்தேன். இந்த ஆட்டத்துல அதுக்கு வழியே இல்லீங்க” என்றார் பழனி.



“போய் அடிச்சா அவன் போயிருவானுங்க. நான் போகலைன்னா நின்னுட்டே இருப்பான். நாந்தானுங்களே நிக்கச் சொன்னேன்.”

“போங்க. அவரை விட்டுடுங்க” என்றேன். அப்படிச் சொன்னதற்கு இன்றுவரை என்னை நான் மன்னிக்கவில்லை.

பழனியின் பொம்மை குகைக்குள் போனது. இரண்டு சுத்தியல்களும் ஒன்றாக இறங்கின. கல் உடைந்தது, மத்தாப்பு அணைந்தது. சந்தோஷ்குமாரின் பொம்மை மட்டும் போகவில்லை. எங்கள் பக்கம் திரும்பியது. அதன் தலைக்கு மேல் எழுத்துகள் வந்தன.

“நான் வர்ற வரைக்கும் அங்கயே நில்லு.”

பழனிக்குப் பின்னால், சுவருக்குள்ளிருந்து யாரோ முட்டியால் தட்டினார்கள். வெற்றுச் சத்தம்.

“எந்திரிங்க பழனி, இந்தப் பக்கம் வாங்க!” என்று கையைப் பிடித்து இழுத்தேன். அவர் எழுந்தார். எழுந்து, சுவரோடு முதுகை ஒட்டி நின்றுகொண்டார்.

“எனக்காக அவன் நின்னானுங்களே சார்” என்றார். என் கையை மெல்ல விலக்கிவிட்டார்.