தாண்டி வளைத்த கால்

கோணலைப் பார்க்கக் கண் வேண்டும். வாய் மட்டும் இருந்தால் போதாது. அந்தத் தெருவில் வாய்க்குப் பஞ்சமே இல்லை, கண்ணுக்குத்தான் பஞ்சம்.

இருந்த ஒரே கண் மூலைமட்டத்தாருடையது. கேட்டும் ஜன்னல் கிரில்லும் செய்கிறவர். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, அடுத்தவன் உலையில் கரி அள்ளிப் போட்டு, கடைசியில் சொந்தப் பட்டறை வைத்தவர். கோணல் பார்க்கிற இரும்பு மூலைமட்டத்தை எந்நேரமும் பின்பையில் செருகிக்கொண்டு திரிவதால், எதிர்வீட்டு ஓய்வுபெற்ற குமாஸ்தா கிண்டலாக வைத்த பெயர் அது. குமாஸ்தா வீட்டுக் கேட் இன்றும் தரையில் இழுத்துக்கொண்டுதான் திறக்கிறது. மலிவாகக் கிடைக்கிறதென்று வேறு ஆளிடம் செய்தது. அனுபவிக்கட்டும்.

பேத்திக்கு இரண்டரை வயதிருக்கும். பட்டறை வாசலில் அவள் சாய்ந்து சாய்ந்து நடந்து வந்ததை மூலைமட்டத்தார் ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். வலது கால் ஒழுங்காக இருந்தது. இடது கால் முழங்காலுக்குக் கீழே வில்லாட்டம் வெளியே வளைந்திருந்தது.

"ரெண்டும் ஒரே மாதிரி இருந்தா பிள்ளைக் கால்னு விட்டுடலாம். ஒண்ணு மட்டும் கோணிக்கிட்டுப் போகுதுன்னா உள்ள எங்கயோ கோளாறு," என்றார் மகளிடம்.

சொன்னதுதான் தாமதம், தெருவில் தடியெடுத்தவனெல்லாம் தண்டல்காரன் ஆகிவிட்டான். "அட, நடக்க நடக்க நிமிர்ந்துடும் மேஸ்திரி," என்றார் குமாஸ்தா, பல் குத்திக்கொண்டே. மருமகன் அதற்கும் ஒரு படி மேல். செல்போனை விட்டுத் தலையைத் தூக்காமல், "தானா சரியாயிடும்னு போட்டிருக்கான் மாமா," என்றார்.

"தானா நிமிர்ந்த கம்பி எங்கயாவது இருந்தா காட்டுங்க மாப்ள. பட்டறைய மூடிட்டு வந்து பாக்கறேன்."

அவரே குழந்தையைத் தூக்கிக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனார். எலும்பு டாக்டரம்மா எக்ஸ்ரேயை விளக்கு முன்னால் பிடித்தார். கீழ்க்கால் எலும்பின் தலைமாட்டில், அது வளர்கிற இடத்தில், உள்பக்கம் சுணங்கிக் கிடக்கிறது. வெளிப்பக்கம் மட்டும் வளர்கிறது. அதனால்தான் வளைவு என்றார். காலுக்குப் பட்டைச் சட்டம் போட்டுச் சில மாதம் பார்த்தார்கள். பலனில்லை.

"நாலு வயசுக்கு முன்னாடி எலும்ப வெட்டி நிமிர்த்தி வச்சிடணும்யா. தள்ளிப்போட்டா பண்ணப் பண்ணத் திரும்ப வளையும்."

மகள் அழுதாள். மருமகன் தொண்டையைக் கனைத்தார், அவ்வளவுதான் அவரால் முடிந்தது. மூலைமட்டத்தார்தான், "அஞ்சுல வளையாததுன்னு சும்மாவா சொல்லி வச்சாங்க? வெட்டுங்க டாக்டரம்மா," என்றார்.

ஆபரேஷன் முடிந்து, இடுப்பு வரை போட்ட மாவுக்கட்டோடு குழந்தை வாரக்கணக்கில் படுத்துக் கிடந்தாள். கட்டைப் பிரித்த அன்று கட்டில் கம்பியைப் பிடித்து நிற்க வைத்தார்கள். மூலைமட்டத்தார் குந்தி உட்கார்ந்து, மூலைமட்டத்தை உருவிக் காலோரம் பிடித்து, ஒரு கண்ணை மூடினார்.

கால் நேராக இல்லை. நேரைத் தாண்டி, முழங்கால் உள்ளே போய், பாதம் வெளியே போய், எதிர்ப்பக்கம் சாய்ந்திருந்தது.

"படிச்சவங்களாம் படிச்சவங்க! இந்தப் பக்கக் கோணலை எடுக்கச் சொன்னா அந்தப் பக்கக் கோணலை வச்சிருக்கீங்க. நான் இப்படி ஒரு கேட்டு மாட்டினா செருப்பால அடிப்பான்!"

"ஐயா, தெரிஞ்சுதான் வச்சிருக்கேன். நான் சொல்றத..."

"பிசகினவனெல்லாம் தெரிஞ்சுதான் பண்ணேம்பான். வேற டாக்டரைப் பாத்து மறுபடி வெட்டி வச்சுக்கறோம்." குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினார்.

"மறுபடி கத்தி வச்சா அந்த வளர்ற இடமே கெட்டு, கால் குட்டையாயிடலாம்யா!" டாக்டரம்மா எழுந்தே விட்டார். மருமகன் செல்போனில் தேட ஆரம்பித்தார். நல்ல நேரம் பார்த்தார்.

வாசலை மறித்தவள் பெஞ்சில் உட்கார்ந்திருந்த மூலைமட்டத்தாரின் மனைவிதான். "நில்லுங்க. பட்டறையில கம்பிய வளைக்கிறப்ப, வேணுங்கிற இடம் வந்ததும் நிறுத்திடுவீங்களா?"

"அதெப்படி? கைய எடுத்ததும் கம்பி பின்னால வருமில்ல? ரெண்டு விரக்கடை தாண்டி வளைச்சாத்தான்..."

தோளில் கிடந்த குழந்தையின் காலைத் திரும்பிப் பார்த்தார்.

"முப்பது வருஷமா சாப்பாடு கொண்டாந்து வச்சிட்டுப் பாக்கறேன். நீங்க தாண்டினா தொழில் சுத்தம், இந்தம்மா தாண்டினா செருப்படியா?"

டாக்டரம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டார். "அதேதான்மா. வளர வளர எலும்பு பழைய பக்கம் இழுக்கும். அதுக்குத்தான் கொஞ்சம் கூட வச்சிருக்கேன்."

மூலைமட்டத்தார் குழந்தையை இறக்கி விட்டார். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை, சொந்தக் காலில் எழுந்து நின்ற மனிதனுக்கு அந்தப் பாடம் எந்த வகுப்பில் நடந்தது? "இத முதல்லயே சொல்றதுக்கென்ன?" என்றார்.

"எங்க சொல்ல விட்டீங்க?" என்றார் டாக்டரம்மா.

அன்று முதல் பட்டறைக்கு வருகிறவர்களிடமெல்லாம், "டாக்டரம்மா நம்ம முறையிலதான் செஞ்சாங்க," என்று சொல்லிவருகிறார். பொய்யா என்ன?

பள்ளிக்கூடம் போகிற வயதில் கால் நேருக்கு வந்து நின்றது. பேத்தி தெருவில் பந்தைத் துரத்தி ஓடுவதைப் பார்த்த குமாஸ்தா, கேட்டைத் தூக்கிப் பிடித்துத் திறந்தபடியே வாயையும் திறந்தார். "நான்தான் அப்பவே சொன்னேனே மேஸ்திரி, நடக்க நடக்க நிமிர்ந்துடும்னு."

மூலைமட்டத்தார் ஒரு கண்ணை மூடி அவர் கேட்டைப் பார்த்தார்.

"இதையும் இத்தனை வருஷமாத் திறந்து திறந்து மூடறீங்களே சார், ஏன் இன்னும் நிமிரல?"