கழுவிய பந்து

பந்து மாட்டுத்தோல். இது தெரியாத ஆள் எங்கள் பக்கத்தில் யாரும் இல்லை. இருந்தும் அதற்குத் தீட்டு என்று சொல்லிக் கழுவினார்கள். நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

பதினான்கு வருஷம் நான் பேக்காக ஆடினேன். பேக் என்றால் கோல் கம்பத்துக்கு முன்னால் நின்று, வருகிற பந்தையும் அதோடு வருகிற ஆளையும் தடுக்கிறவன். தென்காசிக்குப் பக்கத்தில் ஒரு பண்ணையார் சம்பளம் கொடுத்து அணி வைத்திருந்தார். பேருக்கு எங்களுக்குத் தோப்புக் காவல் வேலை. தோப்புப் பக்கம் ஒருநாளும் போனதில்லை. காலையில் முட்டை, மத்தியானம் கறி. வில்வண்டிக் காளைகளுக்குப் பருத்திக்கொட்டை வைப்பது மாதிரிதான். விருந்தாளி வந்தால் எங்கள் கெண்டைக்காலை அமுக்கிக் காட்டுவார். பல்லைப் பிடித்துப் பார்க்காததுதான் பாக்கி.

எங்கள் கோல் கீப்பர் சேரியிலிருந்து வந்தவன். அவனைப் போல ஒரு கீப்பரை நான் அப்புறம் பார்க்கவில்லை. தெருவில் என்னைக் கண்டால் தோளில் கிடக்கும் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு "ஐயா" என்பான். மைதானத்துக்குள் வந்துவிட்டால், "ஏலே, இடதுபக்கம் வருதான், விடாதலே!" என்று கத்துவான். அந்த ஒன்றரை மணி நேரம் மட்டும் அது யாருக்கும் தப்பாகப் படவில்லை. ஜெயிக்க வேண்டுமே.

இரண்டாம் யுத்தத்துக்குக் கொஞ்சம் முந்தி, குற்றாலத்தில் சீசன் நேரம். பண்ணையாரின் பங்களாவுக்கு எதிரே உள்ள பொட்டலில், செங்கோட்டை மலைத் தோட்டத்து வெள்ளைக்காரர்களோடு ஆட்டம். அவர்களுக்குப் பூட்ஸ், எங்களுக்கு வெறுங்கால். முதல் உதையைப் பண்ணையாரே உதைப்பதாக ஏற்பாடு. சாரலில் பந்து தண்ணீர் குடிக்காமல் இருக்க, கீப்பர் ஒரு வாரமாக அதற்கு ஆட்டுக்கொழுப்பு தேய்த்துத் தேய்த்து வைத்திருந்தான்.

ஆட்டத்துக்கு முன்னால் பண்ணைக் கணக்குப்பிள்ளை வந்தார்.

"எசமான் கால் படப்போற பந்து. இவன்லா ஒரு வாரமா கட்டிப்பிடிச்சுக்கிட்டுக் கெடந்தான்? கழுவுங்கலே."

"ஐயா, கழுவினா கொழுப்பு போயிரும். சாரல்ல பந்து கல்லாயிரும்" என்றான் கீப்பர்.

"பந்தப் பத்தி நீ எனக்குச் சொல்லித் தருதியோ?"

எங்கள் முன்வரிசை ஆட்டக்காரன் என் காதில், "பந்தே செத்த மாடு. கழுவினா எந்திரிச்சுப் பால் கறக்குமோ?" என்றான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"என்ன வேய் சிரிப்பு?" என்றார் கணக்குப்பிள்ளை.

"ஒண்ணுமில்ல அண்ணாச்சி."

அவ்வளவுதான் என் வீரம்.

வேலைக்காரன் வெந்நீரும் சீயக்காயும் போட்டுத் தேய்த்து, மேலே மஞ்சள் தண்ணீரும் விட்டான். சீயக்காய் எண்ணெயை எடுத்துவிடும் என்று குற்றாலத்தில் தெரியாதவன் உண்டா? எண்ணெய் தேய்த்துக் குளிக்கத்தானே ஊரே அங்கே வருகிறது?

பண்ணையார் உதைத்தார். பந்து இரண்டு கஜம் உருண்டது. கைதட்டினார்கள். பிறகு சாரல் பிடித்துக்கொண்டது. பாதி ஆட்டத்துக்குள் பந்து அம்மிக்குழவி கனம் கனத்தது. ஒருமுறை தலையால் முட்டினேன். பந்தை இறுக்கிக் கட்டியிருந்த தோல்வார் நெற்றியைக் கிழித்தது.

ஒரு கோல் முன்னால் இருந்தோம். கடைசி நிமிஷங்களில் ஒரு தடியன் என் முன்னாலேயே நின்று ஓங்கி உதைத்தான். "ஏலே, தலையக் குடு!" என்று பின்னாலிருந்து கீப்பர் கத்தினான். என் வேலையே அதுதான். அதற்குத்தான் முட்டையும் கறியும். நான் குனிந்துவிட்டேன்.

கீப்பர் வலது கையை நீட்டினான். காய்ந்த பனைமட்டை முறிகிற மாதிரிச் சத்தம். பந்து வெளியே போனது. நாங்கள் ஜெயித்தோம்.

நெற்றியில் ரத்தத்தைப் பார்த்து, நான்தான் தடுத்தேன் என்று நினைத்துப் பண்ணையார் எனக்கு மாலை போட்டார். வாங்கிக்கொண்டேன். அருவியில் குளித்தோம். பங்களாவில் இலை போட்டார்கள். இரண்டு தடவை பாயசம் கேட்டுக் குடித்தேன். அவனுக்கு அருவியும் கிடையாது, பங்களாவும் கிடையாது. வேலிக்கு வெளியே கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். மணிக்கட்டு பூசணிப்பிஞ்சு போல வீங்கியிருந்தது. சாப்பிட்டுக் கை கழுவிய பிறகுதான் போனேன்.

"ஏன் குனிஞ்சலே?" என்றான். கண்ணில் தண்ணீர்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? அவன் என்னை "லே" போட்டது யார் காதிலாவது விழுந்ததா என்று திரும்பிப் பார்த்தேன். அதை அவன் பார்த்துவிட்டான்.

"மன்னிச்சிருங்க ஐயா" என்றான்.

கை கோணலாகத்தான் கூடியது. மறுபடி அவன் ஆடவில்லை. கணக்குப்பிள்ளையின் மருமகனைக் கோலில் நிறுத்தினார்கள். சாக்குமூட்டை. ஆனால் பந்தைக் கழுவ வேண்டியதில்லை. நான் அந்த மருமகனுக்கு முன்னால் நின்று இன்னும் ஆறு வருஷம் ஆடிச் சம்பளம் வாங்கினேன்.

என் நெற்றித் தழும்பைக் காட்டி, "வெள்ளைக்காரன் பந்தத் தடுத்ததுலா இது!" என்று இன்னும் சொல்லுகிறார்கள். தடுக்கவில்லை, குனிந்தேன் என்று சொன்னால் தன்னடக்கம் என்கிறார்கள். தூ.