புடவைக்கு எழுதாமல் விட்ட ஒரு வரி

பட்டுப்புடவைக் கடையின் இணையதளத்தைப் பார்த்துக்கொள்வது என் வேலை. இன்று காலை தெள்ளாரிலிருந்து ஒரு அம்மா போன் செய்தார்.

"தம்பி, சுகர்ல எனக்குப் பார்வை போயிடுச்சுங்க. போன்தான் எல்லாத்தையும் படிச்சுக் காட்டும். உங்க கடை வெப்சைட்ல மட்டும் 'படம், படம்'னே சொல்லிகினு இருக்குது. பொண்ணு கல்யாணத்துக்குப் புடவை எடுக்கணும்."

ஒவ்வொரு படத்துக்கும் ஒரு வரி விவரம் எழுதியிருந்தால் போன் அதைப் படித்திருக்கும். தெரிந்தேதான் விட்டிருந்தேன்.

"வீட்ல யாராவது பாத்துச் சொல்ல மாட்டாங்களாம்மா?" என்று கேட்டுவிட்டேன்.

"எல்லாத்தையும் யாராவதுதான் பாத்துச் சொல்றாங்க தம்பி. இது ஒண்ணாவது நானே எடுக்கலாம்னு பாத்தேன்."

அரைமணி நேரம் ஒவ்வொரு புடவையாகச் சொன்னேன். மயில்கழுத்து நிறத்தில் ஒன்றை அவரே எடுத்தார்.

பிறகு முதலாளியிடம் விஷயத்தைச் சொன்னேன். "ஒருத்தருக்காக இவ்ளோ பேஜாரா? எல்லாத்துக்கும் 'அழகான புடவை'ன்னு போட்டுடுப்பா" என்றார்.

போடவில்லை. மதியத்திலிருந்து எழுதுகிறேன், இருபதுதான் முடிந்திருக்கிறது. இன்னும் முந்நூறு இருக்கிறது.

அரக்குக்கும் மெரூனுக்கும் என்ன வித்தியாசம்? ஒரே வரியில் சொல்லத் தெரிந்தவர்கள் தயவுசெய்து கீழே எழுதுங்கள்.