அக்கா அடிக்கோடிட்ட வாக்கியங்கள்

எங்கள் அக்கா மறைந்து ஓராண்டு ஆகிறது. மயிலாப்பூரில், தெற்கு மாட வீதியை ஒட்டிய சந்தில் பிறந்து, கடைசிவரை அங்கேயே வாழ்ந்தார். அம்மா போனபின் என்னையும் தங்கையையும் வளர்த்து ஆளாக்கியவர் அவர்தான். தாம் திருமணம் செய்துகொள்ளவில்லை. அடையாறில் ஒரு பள்ளியில் தமிழாசிரியையாக இருந்தார். மிஞ்சிய நேரத்தில் கதை எழுதினார்.

தி.நகரிலிருந்து வந்துகொண்டிருந்த ஒரு வார இதழ், வாடகை வீடு தேடி அலையும் பெண்ணைப் பற்றிய அவருடைய கதையைத் திருப்பி அனுப்பியது. படிப்பவருக்கு மூச்சு முட்டுகிறது என்று காரணம் எழுதியிருந்தார்கள். அக்கா சிவப்புப் பென்சிலை எடுத்து வரிவரியாக அடிக்கோடிட்டுப் பார்த்தார். சமைத்துவிட்டு, துணி உலர்த்திவிட்டு, பஸ்ஸைப் பிடித்து என்று எச்சம் எச்சமாக ஓடி, பத்தியின் அடியில்தான் ஒரு வினைமுற்று வந்தது.

“எழுவாயைத் தேடித் தேடிப் பாக்கறேன், எங்கேயும் காணோம்டா. யார் பண்றான்னே எழுதாம விட்டிருக்கேன்” என்றார். சிரிப்பார் என்று நினைத்தேன். முகம் சுண்டிப்போயிருந்தது.

வாக்கியங்களை வெட்டினார். தந்தி அடித்தாற்போல் இருக்கிறது என்று கிழித்தார். மறுபடி சேர்த்தார். இப்படியே சில ஆண்டுகள் போயின. புரிகிறதே, அனுப்பித் தொலையேன் என்று நான் கத்தியிருக்கிறேன்.

கடைசியில் அதே இதழுக்கு அனுப்பினார், வெளிவந்தது. உறவினர்கள் இதழும் கையுமாக வந்தார்கள். அக்கா கூடத்தில் நின்றபடியே படித்தார். ஒவ்வொரு வாக்கியத்தையும் இதழ்க்காரர்கள் மாற்றியிருந்தார்கள். பக்கத்துக்குப் பக்கம் ‘அந்தப் பேதை’ என்று ஓர் எழுவாயும் சேர்த்திருந்தார்கள்.

மறுநாள் என்னையும் அழைத்துக்கொண்டு அந்த அலுவலகத்துக்குப் போனார். கதை அதே கதைதானே, யாரும் கவனிக்க மாட்டார்கள் என்றார் துணையாசிரியர்.

“கதை என்னோடதுதான். வாக்கியம் ஒண்ணுகூட என்னோடது இல்லை. எனக்கே கிடைக்காத எழுவாயை நீங்க எப்படி சார் போட்டேள்?”

அவர் காபி வரவழைத்தார். அக்கா குடிக்காமல் எழுந்து வந்துவிட்டார். எனக்கு அந்தக் கோபம் இன்றும் ஆறவில்லை.

அதன்பின் அக்கா எங்கும் அனுப்பவில்லை; எழுதுவதை நிறுத்தவும் இல்லை. சிறுநீரகக் கோளாறில் படுத்தபோதும் எழுதி, அடித்து, எரிச்சல்பட்டுக்கொண்டுதான் இருந்தார்.

மருத்துவமனைக்குக் காரில் கொண்டுசேர்த்த மாடி வீட்டு மாமா, தினமும் கஞ்சி அனுப்பிய மாமி, முறைவைத்து உடனிருந்த பள்ளி ஆசிரியைகள் எல்லோரையும் நன்றியோடு வணங்குகிறோம்.

அக்கா நிறைவோடு போனார் என்று எழுதி முடிக்கும்படி பெரியப்பா சொன்னார். எனக்கு மனம் வரவில்லை. அவருக்கு இன்னும் எழுத வேண்டியிருந்தது.