இயந்திரத்துக்கும் ஒரு செவி

முல்லைத்தீவுக் கரையில் படகு இயந்திரம் எது நின்றுபோனாலும் ஸ்ரனிஸ்லஸின் கராச்சுக்குத்தான் தூக்கி வருவார்கள். கடைசிச் சண்டையில் பக்கத்தில் விழுந்த ஷெல் அவருடைய இரண்டு காதுகளையும் கொண்டுபோய்விட்டது. அன்றிலிருந்து இயந்திரத்தில் உள்ளங்கையை வைத்து, அதிர்வைக் கொண்டே குறையைப் பிடிப்பார். வருகிற ஆட்கள் சொல்வதை மனைவி சுசிலா வாயசைத்து அவருக்கு விளங்கவைப்பாள்.

போன வைகாசியில் ஒரு காலை, ஸ்கந்தபுரத்துக் கமலாசனி தன் பெற்றோல் வானை அங்கே கொண்டுவந்து நிறுத்தினார். வான் நிறைய வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்குப் போகிற சனம்.

“தங்கச்சி, ஆள் ஏறினா இழுக்குதில்லை. மிதிச்சா ரின்னுக்குள்ள கல்லுப் போட்டுக் குலுக்கினமாதிரிச் சத்தம். ஆரோ ஒருத்தர் ரைமிங் பாத்த பிறகுதான் இப்பிடி,” என்றார் சுசிலாவிடம்.

ரைமிங் என்பது இயந்திரத்துக்குள் தீப்பொறி விழுகிற நேரம். முந்தி விழுந்தால் இயந்திரம் உள்ளே இடிக்கும். பிந்தினால் இழுவை போய்விடும். பழைய வான்களில் ஸ்ரனிஸ்லஸ் அதைக் கைத்தடவலிலேயே சரிசெய்திருக்கிறார். இதுவோ கணினி வைத்த வான். தீப்பொறியைப் பகிர்ந்துவிடும் டிஸ்ரிபியூற்றரை ஒரு கையால் திருப்பியபடி ரைமிங் விளக்கைப் பிடித்தார். விளக்கு ஒவ்வொரு பொறிக்கும் மின்னுவதால், இயந்திரத்தோடு சுழலும் சில்லில் இருந்த வெள்ளைக் கோடு அசையாததுபோலத் தெரிய வேண்டும். ஆனால் கோடு ஓரிடத்தில் நிற்காமல் முன்னும் பின்னும் ஓடியது.

“நான் திருப்பத் திருப்ப இதுவும் தன்ரபாட்டுக்குத் திருப்புது,” என்றார், எல்லாரும் திரும்பிப் பார்க்கிற அளவு உரத்து.

போனில் ஒரு வீடியோவைத் தேடி எடுத்தார். பேச்சு அவருக்குத் தேவைப்படவில்லை. அதிலிருந்த கையை மட்டும் திரும்பத் திரும்பப் பார்த்தார். அந்தக் கை சிறு பெட்டியொன்றைத் திறந்து இரண்டு துளைகளை ஒரு கம்பியால் இணைத்தது. அவரும் அப்படியே இணைத்தார். கணினி குறுக்கிடுவதை விட்டது. கோடு சட்டென்று நின்றது. டிஸ்ரிபியூற்றரை மெல்லத் திருப்பி, கோட்டைப் பத்துப் பாகையில் வைத்து இறுக்கினார்.

கம்பியை உருவியதும் கணினி மறுபடி பொறுப்பெடுக்க, கோடு தானாகவே மேலே ஏறியது.

வீடியோவில் இன்னொன்றும் இருந்தது. அதை நம்ப முடியாமல்தான் செய்து பார்த்தார். சுசிலாவை அக்சிலேற்றரை மிதிக்கச் சொல்லிவிட்டு, இயந்திரத்தின் உடம்பில் ஸ்பானர் சாவியால் மெதுவாகத் தட்டினார். கோடு பின்னால் நகர்ந்தது. தட்டுவதை நிறுத்தினார், திரும்பி வந்தது. மறுபடியும் தட்டினார். இரும்போடு இரும்பாகத் திருகியிருந்த ஒரு சின்ன உறுப்பு அந்தத் தட்டலை உள்ளே இடிக்கிறதென்று எண்ணி, பொறியைப் பிந்த வைத்தது.

“சுசிலா! இதுக்குக் காது இருக்கு!”

அவர் புறங்கையால் கண்ணைத் துடைத்தார். அவள் இறங்கி ஓடிவந்தாள்.

“அழுறியளே?”

“இல்லை. இவ்வளவு காலமும் நான் தனியத்தான் கேக்காமல் கேட்டுக்கொண்டிருக்கிறனெண்டு நினைச்சனான்.”

சனம் வானைச் சுற்றிக் கூடிவிட்டது. கமலாசனி பயந்து பயந்து சாவியை வாங்கி ஒருமுறை தட்டினார். சுசிலா திரும்பவும் போய் மிதித்தாள். கோடு நகர்ந்தது.

“அம்மாளே,” என்றார் கமலாசனி. பிறகு ஒவ்வொருவராகத் தட்டிப் பார்த்தார்கள். பொங்கலுக்குப் போக நேரமாகிறதென்று அன்று எவரும் அவசரப்படுத்தவில்லை.